ஒளிரும் முகப்பின் வரலாறு

கைமணிக்கூடுகளில் ஈடுபாடு கொண்டோர் உலகெங்கும் உளர். அவர்கள் கூடுமிடத்தில் ஒருவர் மணிக்கட்டை மற்றவர் நோக்குவர். இன்று எதனைக் கட்டி வந்தீர் என்று வினவுவர். அதனை ஆக்கிய கொம்பனி எது, ஆக்கிய ஆண்டு எது, உள்ளே ஓடும் பொறி எத்தகையது, பின்மூடியில் பொறித்த இலக்கம் யாது, வார் பழையதா புதியதா என்றெல்லாம் ஓயாது உரையாடுவர். விளக்கை அணைத்துவிட்டு, முகப்பில் எண்களும் முட்களும் பச்சையாய் ஒளிர்வதைப் படம்பிடித்து நண்பர்க்குக் காட்டுவர். மணிக்கூடு மிகப் பழையதாயின் அந்த எண்கள் ஒளியிழந்து, ஏட்டுச்சுவடியின் நிறம்போல மஞ்சளும் பழுப்புங் கலந்து தோன்றும். அந்நிறத்துக்கு இவர்களிடையே தனிமதிப்பு உண்டு. பிற்காலத்திலே புதுப்பூச்சுப் பூசியது என்று தெரிந்தால் பொருளின் விலை இறங்கிவிடும். முதலிற் பூசியபடியே முதுமையடைந்தது என்று தெரிந்தால் ஏறிவிடும்.

இந்த ஈடுபாட்டை இகழ்வது நமது நோக்கமன்று. நுண்ணிய கைவினையைப் போற்றத் தெரிந்த மனம் நல்ல மனமே. ஆயினும், இவ்வார்வலர் கூறும் வரலாறு பெரும்பாலும் ஆக்கிய நிறுவனத்தின் பெயரில் தொடங்கி அணிந்தவரின் பெயரில் முடிந்துவிடுகின்றது. இன்ன தளபதி கட்டியது, இன்ன விமானி கட்டியது, இன்ன சீமான் ஏலத்தில் எடுத்தது என்பனவே அதில் நிகழ்ச்சிகள். இரண்டு பெயர்களுக்கும் இடையே வேலைசெய்த கைகளுக்கு அங்கு இடமில்லை. பழுப்பேறிய அந்த எண்களை எழுதியவர் யார்? எந்தக் கருவியால் எழுதினர்? எழுதியபின் அவர்கள் என்ன ஆயினர்? இவற்றுக்கு விடைகாண முயல்வோம்.

மணிக்கூடு மணிக்கட்டுக்கு வந்த கதையை முதலில் நோக்குவோம். தொடக்கத்தில் அது பெண்களின் அணிகலன். நேப்பிள்சின் அரசியாயிருந்த கரோலின் மூரா என்பாள் 1810ஆம் ஆண்டில் பாரிசு நகரத்துப் பிரெகே என்னும் வினைஞரிடம் மணிக்கட்டில் அணியத்தக்க கடிகாரம் ஒன்றுக்குப் பணித்தாள் என்பது பதிவாகியுள்ள பழைய செய்திகளுள் ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் செல்வர் வீட்டுப் பெண்கள் வளையலாகவே அதனை அணிந்தனர். ஆண்மகன் தன் மணிக்கூட்டைச் சங்கிலியிற் கோத்துச் சட்டைப்பையில் வைத்திருந்தான். கையில் கட்டுவது பெண்மையின் அடையாளம் என்று எள்ளினான்.

இந்த எள்ளலைப் போர் மாற்றிற்று. தென்னாபிரிக்காவில் 1899 முதல் 1902 வரை நடந்த போவர் யுத்தத்தில் ஆங்கிலப் படையினர் சிலர் தமது பைமணிக்கூடுகளைத் தோலுறையில் இட்டுக் கையிற் கட்டிக்கொண்டனர். 1914ஆம் ஆண்டு மூண்ட உலகப்போரோ முழுப் படையையுமே பதுங்குகுழிக்குள் இறக்கியது. பல கல் தூரத்துக்குப் பரந்த போர்முனையிலே பீரங்கி ஓய்வதும் காலாட்படை எழுவதும் ஒரே நிமிடத்தில் நடைபெறவேண்டியிருந்தது. சொம் நதிக்கரையில் 1916 யூலை 1ஆந் திகதி காலை 7.30 மணிக்கு அதிகாரிகள் ஊதிய ஊதல்களுக்கு முன்னால் அவர்களின் மணிக்கூடுகள் யாவும் ஒருநேரம் வைக்கப்பட்டிருந்தன. அன்று ஒரே நாளில் ஆங்கிலப் படையில் 19,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். துப்பாக்கி பிடித்த கைக்குச் சட்டைப்பைக்குள் நுழைய நேரமில்லை; விளக்கேற்றிப் பார்த்தால் எதிரியின் குண்டு வந்துவிடும். ஆதலால் மணிக்கூடு கைக்கு வந்தது. அதன் எண்கள் இருளில் தாமாகவே ஒளிரவேண்டியதாயின. போர் முடிந்து வீடு திரும்பிய சிப்பாய் அதனைக் கழற்றவில்லை. இன்றைய ஆண்களின் மணிக்கட்டில் இருப்பது அந்தப் பதுங்குகுழியின் வழித்தோன்றலே.

எண்களை ஒளிரச் செய்த பொருள் இரேடியம். மேரி கியூரியும் பியர் கியூரியும் 1898ஆம் ஆண்டில் அதனைக் கண்டறிந்தனர். இரேடியம் இடையறாது வெளிவிடும் கதிர்கள் நாகசல்பைட்டு என்னும் உப்பின் மணிகளைத் தாக்கும்போது அவை ஒளியைக் காலுகின்றன. சூரிய ஒளியோ மின்னோ வேண்டா; இராமுழுவதும் ஒளிரும். இரேடியத்தின் சிறுதுகளை நாகசல்பைட்டுடனும் பசையுடனும் குழைத்தால் ஒளிர்பூச்சு ஆயிற்று. இதனைச் செய்து விற்க அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் ஒரு கொம்பனி எழுந்தது. அதன் தொழிற்கூடம் 1917ஆம் ஆண்டில் ஒறேஞ் என்னும் ஊரில் இயங்கலாயிற்று. 1921ஆம் ஆண்டில் அது ஐக்கிய அமெரிக்க இரேடியம் கூட்டுத்தாபனம் என்னும் பெயரைப் பூண்டது. பூச்சின் கலவையைக் கண்டவர்களுள் ஒருவரான வைத்தியர் சபின் வொன் சொகொக்கி அக்கொம்பனியை நிறுவியவர்களில் ஒருவர்.

அக்காலத்தில் இரேடியத்தின் மதிப்பு எத்துணையது என்பதற்கு ஒரு சான்று கூறுவோம். 1921ஆம் ஆண்டில் அமெரிக்கப் பெண்கள் தம்முள் நிதிதிரட்டி, மேரி கியூரியின் ஆராய்ச்சிக்கென ஒரே ஒரு கிராம் இரேடியத்தைப் பரிசளித்தனர். அதன் விலை 1,00,000 டொலர். நாட்டின் சனாதிபதியே வெள்ளை மாளிகையில் அதனை வழங்கினார். நோய் தீர்க்கும் அமுதமென்றும் அது போற்றப்பட்டது. இரேடியங் கலந்த நீர் போத்தலில் அடைக்கப்பட்டு விற்பனையாயிற்று. நாட்டின் ஒரு மூலையில் ஒரு கிராமுக்காகப் பெண்கள் காசு சேர்த்த அதே காலத்தில், இன்னொரு மூலையில் வேறு பெண்கள் அதனைச் சிறிது சிறிதாக விழுங்கிக்கொண்டிருந்தனர்.

ஒறேஞ் தொழிற்கூடத்தில் முகப்புகளுக்குப் பூச்சிட்டவர்கள் இளம்பெண்கள். பதினான்கு, பதினைந்து வயதுச் சிறுமியரும் அவர்களுள் இருந்தனர். பெரும்பாலோர் குடியேறி வந்த தொழிலாளர் குடும்பங்களின் புதல்வியர். விரல் சிறிது, கண் கூரிது, கூலி குறைவு என்பன அவர்களைத் தேர்ந்தமைக்குக் காரணங்கள். எனினும், ஆலைகளில் வேலைபார்த்த ஏனைய பெண்களோடு ஒப்பிட, இவர்கட்குக் கிடைத்த கூலி உயர்ந்தது. ஒரு முகப்புக்கு இவ்வளவு சதம் என்ற துண்டுக்கூலி முறை நடைமுறையில் இருந்தது. கைதேர்ந்தவள் ஒருத்தி நாளொன்றுக்கு 250 முகப்புகள் வரை முடித்தாள்.

சில்லிக்காசிலும் சிறிய முகப்பில் மயிரிழைபோன்ற எண்களை எழுதவேண்டும். ஒட்டகமயிர்த் தூரிகை இரண்டு மூன்று எண்களை எழுதியதும் விரிந்துவிடும். அதனைக் கூராக்க ஒரு வழி கற்பிக்கப்பட்டது: தூரிகையை உதடுகளுக்கிடையே வைத்துத் திருகு, பூச்சில் தோய், எழுது. மீண்டும் உதட்டில் வை. ஒரு முகப்புக்குச் சிலமுறை. ஒரு நாளைக்குப் பல நூறு முறை. தொடக்கத்தில் தூரிகையைக் கழுவ நீர்க்கிண்ணம் வைக்கப்பட்டிருந்தது. கழுவிய நீரில் விலையுயர்ந்த இரேடியம் வீணாகின்றது என்று கண்டபோது அக்கிண்ணம் அகற்றப்பட்டது. துணியால் துடைத்தாலும் அதே நட்டம். உதடு மாத்திரமே எதையும் வீணாக்காத கருவியாயிற்று. ஐரோப்பாவிலே சில இடங்களில் கண்ணாடிக்கோலாலும் பஞ்சு சுற்றிய குச்சியாலும் இதே வேலை நடைபெற்றது என்பதையும் நாம் கருதவேண்டும். உதட்டில் கூராக்குதல் தொழிலின் தவிர்க்கவியலா விதியன்று. அது கணக்குப் புத்தகத்தின் விதி.

இது தீங்கானதா என்று பெண்கள் கேளாமலில்லை. தீங்கில்லை, கன்னத்துக்குச் செம்மைதான் தரும் என்று விடை கிடைத்தது. அதே கட்டிடத்தின் மறுபகுதியில் இரேடியத்தைப் பிரித்தெடுத்த இரசாயனவியலாளரோ ஈயத்திரைக்குப் பின்னின்று, நீண்ட குறடுகளால் அதனைக் கையாண்டனர். ஒரே பொருளைப் பற்றி ஒரே கூரையின்கீழ் இரண்டு அறிவுகள் நிலவின. ஒன்று படித்தவர்க்குரியது, மற்றது கூலிக்குரியது. ஒருநாள் அவ்வழியே சென்ற வொன் சொகொக்கி, கிறேஸ் பிறையர் என்னும் பெண் தூரிகையை வாயில் வைப்பதைக் கண்டு, அவ்வாறு செய்யாதே, நோய் வரும் என்றார். அவள் தன் மேற்பார்வையாளரிடம் சென்று கேட்டாள். அதில் ஒன்றுமில்லை என்று கூறப்பட்டது. வேலை தொடர்ந்தது.

பெண்களுக்கு அந்தப் பூச்சு விளையாட்டுப் பொருளுமாயிற்று. நகத்திலும் பல்லிலும் பூசி இருட்டறையிற் சிரித்தனர். மாலை வீடு திரும்புகையில் அவர்களின் கூந்தலும் ஆடையும் ஒளிர்ந்தன. சிலர் தாம் பூச்சிட்ட மணிக்கூடுகளில் தமது பெயரையும் முகவரியையும் கீறி வைத்தனர். அதனை அணியப்போகும் முகமறியாச் சிப்பாய்க்கு அது ஒரு மடல். தாம் செய்த பொருளில் தம் பெயரை எழுதும் விருப்பம் தொழிலாளிக்கு எப்போதும் உண்டு. எழுத அவனுக்கு உரிமை இருப்பதில்லை.

இரேடியம் உடலிற் புகுந்தால் என்ன நிகழ்கின்றது என்பதைச் சுருங்கச் சொல்வோம். இரசாயன இயல்பில் அது கல்சியத்தை ஒத்தது. ஆதலால் உடல் அதனைக் கல்சியம் என்றே எண்ணி எலும்பில் சேர்க்கின்றது. எலும்பில் அமர்ந்த இரேடியம் அங்கிருந்தே கதிர்களை வீசி எலும்பையும் மச்சையையும் அரிக்கின்றது. பல் ஆடும், பிடுங்கிய இடம் ஆறாது, தாடை பொடியும், குருதிச்சோகை பற்றும், ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் தோன்றும். விழுங்கிய நாளுக்கும் நோய் தோன்றும் நாளுக்குமிடையே சில ஆண்டுகள் செல்லும். இந்த இடைவெளியை வாசகர்கள் நினைவிற் கொள்ளவேண்டும். பின்னர் நடந்தவற்றுக்கெல்லாம் அதுவே அச்சாணி.

மொலி மஜ்ஜியா என்பவள் ஒறேஞ் தொழிற்கூடத்தில் வேலைசெய்தவள். ஒரு பல்லில் தொடங்கிய வலி தாடை முழுவதும் பரவிற்று. பல்வைத்தியர் தொட்டபோது தாடையெலும்பு அவர் கையோடு வந்தது. 1922 செப்ரெம்பரில், தன் 24ஆம் வயதில், கழுத்து நாளம் அறுந்து குருதி பெருகி அவள் இறந்தாள். மேகநோயால் இறந்தாள் என்று இறப்புப் பத்திரத்தில் எழுதப்பட்டது. உழைத்துச் செத்தவளின்மேல் ஒழுக்கக்கேட்டின் பழியும் சுமத்தப்பட்டது.

தொடர்ந்து வேறு பெண்கள் நோயுற்றனர். 1924ஆம் ஆண்டில் நியூ யோர்க் பல்வைத்தியர் தியடோர் புளூம் இத்தாடைநோயை இரேடியத்தோடு தொடர்புபடுத்தித் தம் கட்டுரையொன்றின் அடிக்குறிப்பில் எழுதினார். அதே ஆண்டில் கொம்பனி, ஹாவாட் பல்கலைக்கழகத்துச் செசில் டிறிங்கரைக் கொண்டு தன் தொழிற்கூடத்தை ஆராய்வித்தது. நோய்க்குக் காரணம் இரேடியமே என்று அவர் அறிக்கை கூறிற்று. கொம்பனி அவ்வறிக்கையை ஒளித்துவைத்து, பெண்கள் யாவரும் பூரண சுகத்தோடு இருக்கின்றனர் என்று அதனைத் திரித்து மாநிலத் தொழிற்றிணைக்களத்துக்கு அறிவித்தது. தொழில்நோய் மருத்துவத்தில் முன்னோடியான அலிஸ் ஹமில்ரன் இத்திரிபை டிறிங்கருக்குத் தெரியப்படுத்திய பின்னரே உண்மை அறிக்கை 1925ஆம் ஆண்டில் அச்சேறியது. அவ்வாண்டிலேயே ஹரிசன் மாட்லன்ட் என்னும் அரச வைத்தியர், இப்பெண்களின் உடலிலும் சுவாசத்திலும் கதிர்த்தொழிற்பாடு உண்டெனக் கருவிகளால் அளந்து நிறுவினார். அவரது சோதனை வொன் சொகொக்கியையும் விடவில்லை. தாம் கண்ட கலவைக்கே இரையாகி அவர் 1928ஆம் ஆண்டில் மாண்டார்.

உண்மை நிறுவப்பட்டுவிட்டது. நீதி கிடைத்ததா? இங்குதான் நாம் முன்னர் குறிப்பிட்ட கால இடைவெளி வந்து நிற்கின்றது. பாதிப்பு நேர்ந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்கிடவேண்டும் என்பது அம்மாநிலத்தின் சட்டம். எலும்பில் இரேடியம் நோயாய் வெளிப்பட அதனினும் கூடிய காலம் எடுத்தது. ஆகவே, நோய் வெளிப்படுமுன் வழக்கிட்டால் நோயில்லை என்பர். வெளிப்பட்டபின் வழக்கிட்டால் காலங் கடந்துவிட்டது என்பர். உலகுக்கு நேரங்காட்டும் முகப்புகளை எழுதிய பெண்களுக்கு நேரமில்லை என்று சட்டம் கூறிற்று.

கிறேஸ் பிறையர் தொழிற்கூடத்தை விட்டு வங்கியொன்றில் வேலைபார்த்து வந்தாள். முதுகெலும்பு நொறுங்கியதால் உருக்குக்கவசம் பூண்டே நடமாடினாள். வழக்கை ஏற்க ஒரு சட்டத்தரணியைத் தேடி அலைவதில் இரண்டு ஆண்டுகள் கழிந்தன. 1927ஆம் ஆண்டில் றேமன்ட் பெரி என்னும் இளைஞர் அதனை ஏற்றார். எட்னா ஹஸ்மன், கதறின் ஷோப், குவின்ரா மக்டொனால்ட், அல்பினா லரிஸ் ஆகிய நால்வரும் அவளோடு இணைந்தனர். இவர்களுள் பின்னிருவர் இறந்துபோன மொலியின் உடன்பிறந்தோர். அவ்வாண்டு ஒக்ரோபரில் மொலியின் உடல் தோண்டியெடுக்கப்பட்டது. புதைத்து ஐந்து ஆண்டு கடந்தும் அவள் எலும்புகள் கதிர் வீசிக்கொண்டிருந்தன. மேகநோயின் சுவடு எதுவும் காணப்படவில்லை. ஐந்து ஆண்டுகளாக அவள்மேல் கிடந்த பழி அந்த எலும்புகளின் சாட்சியத்தால் நீங்கிற்று.

1928 ஜனவரியில் வழக்கு விசாரணைக்கு வந்தபோது, சத்தியஞ் செய்வதற்குக் கையை உயர்த்தவும் அப்பெண்களுட் சிலரால் இயலவில்லை. உடலுக்குள் இருக்கும் இரேடியம் ஒவ்வொரு நாளும் புதிதாய்த் தாக்குகின்றது, ஆதலால் காலவரையறை இன்னும் தொடங்கவேயில்லை என்று பெரி வாதித்தார். ஏப்பிரலில் விசாரணை செப்ரெம்பருக்கு ஒத்திவைக்கப்பட்டது; கொம்பனித் தரப்புச் சாட்சிகள் கோடைவிடுமுறைக்கு ஐரோப்பா செல்கின்றனர் என்பது காரணம். வாழ்நாள் எண்ணப்பட்டுவிட்ட ஐவரின் காலமும், விடுமுறை செல்வோரின் காலமும் ஒரே தராசில் வைக்கப்பட்டபோது எது கனமாயிருந்தது என்பதைப் பொதுமக்கள் கண்டனர். பத்திரிகையாளர் வோல்ரர் லிப்மன் தம் நாளேட்டில் இதனைக் கடிந்தெழுதினார். கண்டனம் பெருகிற்று. யூன் மாதத்தில் கொம்பனி இணக்கத்துக்கு வந்தது. ஒவ்வொருவர்க்கும் 10,000 டொலர் ரொக்கம், ஆண்டுக்கு 600 டொலர் உதவிப்பணம், வைத்தியச் செலவு என்பன ஒப்புக்கொள்ளப்பட்டன. குற்றம் ஒப்புக்கொள்ளப்படவில்லை. கிறேஸ் பிறையர் 1933ஆம் ஆண்டில் இறந்தாள்.

நியூ ஜேர்சியிற் கற்ற பாடம் பிற இடங்களில் பயன்பட்டிருக்கவேண்டும். நடந்தது வேறு. இலினோய் மாநிலத்தின் ஒட்டாவா என்னும் சிற்றூரில் இரேடியம் டயல் கொம்பனி என்ற இன்னொரு நிறுவனம் 1922ஆம் ஆண்டு முதல் இதே வேலையைச் செய்வித்துவந்தது. கிழக்கிலிருந்து வந்த செய்தியால் பெண்கள் கலங்கினர். கொம்பனி வைத்தியர்களை அழைத்து அவர்களைச் சோதிப்பித்தது. பெறுபேற்றை அவர்களிடம் கூறாது மறைத்தது. 1928ஆம் ஆண்டில் உள்ளூர்ப் பத்திரிகையில் முழுப்பக்க அறிவித்தல் ஒன்றை வெளியிட்டு, நமது பூச்சு தூய இரேடியம், இங்கு எவர்க்கும் நோயில்லை என்று உறுதி கூறியது.

கதறின் டொனகியூ அங்கு வேலைசெய்தவள். நொண்டி நடப்பது மற்றவர்களை அச்சுறுத்துகின்றது என்று 1931ஆம் ஆண்டில் அவள் விலக்கப்பட்டாள். அவளும் தோழியரும் வழக்கிட எழுந்தபோது ஊரவரிற் பலர் அவர்களுக்குத் துணைநிற்கவில்லை. பொருளாதார மந்தத்தால் வேலையின்றி வாடிய ஊர் அது. கூலி கொடுக்கும் கொம்பனியைப் பகைப்பதற்கு ஊர் அஞ்சிற்று. தொழிலாளியைத் தொழிலாளிக்கு எதிரே நிறுத்துவதற்கு முதலாளி பேசவும் வேண்டியதில்லை. வேலையில்லாத் திண்டாட்டமே அவன் பொருட்டுப் பேசும். ஊதியங் கேளாது வழக்கை ஏற்றவர் சிக்காகோச் சட்டத்தரணி லெனாட் குறொஸ்மன். 1938 பெப்ரவரியில் விசாரணை நடந்தது. தன் தாடையிலிருந்து உதிர்ந்த எலும்புத்துண்டுகளை ஒரு சிறுபெட்டியில் இட்டுவந்து கதறின் காட்டினாள். நோய் தீராது என்று வைத்தியர் சொல்லக் கேட்டு மயங்கி விழுந்தாள். மறுநாள் விசாரணை அவள் வீட்டுக்கே வந்தது. கட்டிலைச் சூழ நின்று அவள் சாட்சியத்தைப் பதிவுசெய்தனர்.

ஏப்பிரலில் தீர்ப்பு அவள் பக்கம் கிடைத்தது. கொம்பனி மேன்முறையீடு செய்தது. யூலை 27ஆந் திகதி அவள் இறந்தாள். மேன்முறையீடுகள் இறக்கவில்லை, ஒன்றன்பின் ஒன்றாய்த் தொடர்ந்து, 1939 ஒக்ரோபரில் நாட்டின் உயர்நீதிமன்றம் வழக்கைக் கேட்க மறுத்தபோதே முடிவுற்றன. அதற்குள் கொம்பனி ஊரைவிட்டுப் பெயர்ந்துவிட்டது. மாநிலத்திடம் பிணையாய்க் கிடந்த 10,000 டொலரே நட்டஈட்டுக்கு எஞ்சிய பணம். ஒத்திவைத்தல், முறையீடு, இடமாற்றம் ஆகிய மூன்றும் காலத்தை ஆயுதமாக்கும் வழிகள். பணம் உள்ளவன் காத்திருப்பான். நோயுற்றவளால் காத்திருக்க இயலாது.

எனினும் இப்பெண்களின் போராட்டம் வீண்போகவில்லை. தொழில்நோய்க்கு முதலாளி பொறுப்பு என்னும் கருத்துச் சட்டத்தில் வேரூன்றுவதற்கு அவர்களின் வழக்குகள் துணைசெய்தன. 1941ஆம் ஆண்டில் அமெரிக்க நியமப் பணியகம், மனித உடல் தாங்கக்கூடிய இரேடியத்தின் எல்லை ஒரு கிராமின் கோடியில் ஒரு பங்கு என வரையறுத்தது. மைக்ரோகிராம் கணக்கில் அது 0.1 ஆகும். அந்த எல்லை ஆய்வுகூடத்து எலிகளால் மட்டும் கிடைத்ததன்று. முகப்பெழுதிய பெண்களின் எலும்புகளை அளந்து பெற்ற எண் அது. அணுகுண்டுத் திட்டத்தில் புளுத்தோனியத்தைக் கையாண்டோரைக் காப்பதற்கு வகுத்த விதிகளுக்கும் அதுவே அடிப்படையாயிற்று. இறந்த பெண்களின் எலும்பு உயிர்காக்கும் அளவுகோலானது. அந்த அளவுகோலின் துணையோடு ஆக்கப்பட்ட குண்டு 1945ஆம் ஆண்டில் இரண்டு நகரங்களை எரித்தது. விஞ்ஞானம் யார் கையில் இருக்கின்றது என்ற வினாவை இதைவிட வலிமையாக எழுப்பும் நிகழ்ச்சிகள் குறைவு.

இரேடியப் பூச்சு உடனே மறைந்துவிடவுமில்லை. உதட்டில் கூராக்கும் வழக்கம் ஒழிந்தது, பூச்சு நீடித்தது. சுவிற்சர்லாந்தின் யூரா மலைப்பகுதியிலே பல பெண்கள் தம் வீட்டு மேசையிலேயே இருந்து மணிக்கூட்டு நிறுவனங்களுக்கு முகப்பெழுதினர். 1963ஆம் ஆண்டில்தான் அங்கே கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகள் நடைமுறைக்கு வந்தன. அவ்வீடுகளின் தரையிலும் தோட்டத்திலும் தங்கிய இரேடியத்தைத் தேடி அகற்றுவதற்கு அந்நாட்டரசு 2015ஆம் ஆண்டில் ஒரு செயற்றிட்டம் தொடங்கி, நூற்றுக்கணக்கான கட்டிடங்களைச் சோதித்தது. குறைந்த கூலியும் வாடகையற்ற தொழிற்கூடமுமாய் நிறுவனத்துக்கு இலாபந் தந்த வீட்டுவேலை, அரைநூற்றாண்டுக்குப்பின் பொதுப்பணத்திற் கழுவப்பட்டது. இன்றைய மணிக்கூடுகளில் ஒளிர்வது வேறு பூச்சு. இடையில் சிலகாலம் திரித்தியம் பயன்பட்டது. 1990களின் பின்னர், ஒளியை உறிஞ்சிவைத்து மீண்டும் காலும், கதிர்த்தொழிற்பாடற்ற பொருள்களே பெருவழக்காயின.

இனி, ஆர்வலர்கள் போற்றும் பழுப்பு நிறத்துக்கு மீள்வோம். அந்நிறம் எவ்வாறு உண்டாயிற்று? இரேடியத்தின் கதிர்கள் நாகசல்பைட்டின் மணிகளை இடையறாது தாக்கி, காலப்போக்கில் அவற்றைச் சிதைத்துவிட்டன. ஆகவே முகப்பின் ஒளி அணைந்தது, நிறம் மாறிற்று. ஆனால் இரேடியம் அணையவில்லை. அதன் அரைவாழ்வுக்காலம் ஏறத்தாழ 1,600 ஆண்டுகள். நூறாண்டுக்கு முந்திய முகப்பொன்றில் அன்று பூசிய இரேடியத்திலே நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் இன்றும் இருக்கின்றது. சட்டம் அந்தப் பெண்களுக்கு அளித்த காலம் இரண்டு ஆண்டுகள். அவர்களின் எலும்பில் அமர்ந்த பொருளுக்கு இயற்கை அளித்த காலம் இது.

அறிந்த ஆர்வலர்கள் இதனைப் பேசாமலும் இல்லை. பழைய இரேடிய முகப்பைத் திறவாதே, சுரண்டாதே, படுக்கையறையிற் சேர்த்துவையாதே என்று ஒருவரையொருவர் எச்சரிக்கின்றனர். சிலர் கதிர்வீச்சை அளக்கும் கருவியும் வைத்துள்ளனர். இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்தார் 2018ஆம் ஆண்டில் 30 பழைய மணிக்கூடுகளை ஆராய்ந்து, மூடிய அறையில் அவற்றிலிருந்து கசியும் இரேடன் வாயு பாதுகாப்பெல்லையைப் பன்மடங்கு கடக்கக்கூடும் என்று காட்டினர். இவ்வெச்சரிக்கை பயனுடையது. ஆனால், அணிபவரின் நலத்தோடு அது நின்றுவிடுதல் போதாது. கையிற் கட்டுவதற்கே இத்தனை கவலை வேண்டுமாயின், அதனை வாயால் எழுதியவர்களைப் பற்றிய நினைவு எத்துணை வேண்டும்!

வணிகமோ நினைவின் திசைக்கு மாறாகச் செல்கின்றது. புதிய மணிக்கூடுகளின் எண்களுக்கு, முதுமையடைந்த இரேடியத்தின் பழுப்பு நிறத்தையே செயற்கையாய்ப் பூசி இன்று பல நிறுவனங்கள் விற்கின்றன. இரேடியத்தின் பெயரிலிருந்து பிறந்த 'ரேடியோமிர்' என்னும் பெயரைப் புகழ்பெற்ற இத்தாலிய நிறுவனமொன்று தன் மாதிரிக்கு இன்றும் சூட்டியுள்ளது. நஞ்சு நீங்கியது, நஞ்சின் நிறமும் பெயரும் அழகாய் எஞ்சின. உழைப்பின் துயரம் பொருளிலிருந்து உரிக்கப்பட்டு, அதன் சாயல் மாத்திரம் விலைப்பட்டியலில் ஏறுகின்றது. பண்டம் தன்னை ஆக்கியவர்களை மறைக்கின்றது என்று பொருளியல் நூல்களிற் படிக்கும் மாணவர்கள், அம்மறைப்பு எவ்வாறு நிகழ்கின்றது என்பதை இச்சிறிய முகப்பிலே கண்ணாற் காணலாம்.

ஒட்டாவா நகரில் 2011ஆம் ஆண்டில் இப்பெண்களுக்கு வெண்கலச் சிலையொன்று எழுப்பப்பட்டது. தன் ஊரின் வரலாற்றைப் பாடசாலையில் ஆராயப் புகுந்த மாணவி ஒருத்தியின் முயற்சியே அதற்குத் தோற்றுவாய். கொம்பனியும் ஊர்ப்பெரியோரும் பல்லாண்டு பேசாதிருந்த ஒன்றை ஒரு வகுப்பறை பேசிற்று. ஆசிரியத் தொழிலில் உள்ளோர் இதனைச் சிந்திக்கவேண்டும். அரசர் பட்டியலும் போர்த் திகதிகளும் கற்பிக்குமிடத்தில், மாணவனின் கையிலுள்ள பொருளையே எடுத்து, இதனை யார் செய்தார், எவ்வாறு செய்தார், அவர்க்கு என்ன கிடைத்தது என்று கேட்கப் பழக்குதல் கூடும்.

மணிக்கூட்டு ஆர்வலர்களிடம் நாம் வேண்டுவதும் இதுவே. நுணுகி நோக்கும் கண்ணும், ஆண்டையும் இலக்கத்தையும் தேடியறியும் பொறுமையும் அவர்களிடம் ஏற்கெனவே உள்ளன. அதே பொறுமையோடு, நிறுவனத்தின் பெயருக்கும் உடைமையாளனின் பெயருக்கும் இடையே விடுபட்டவர்களையும் தேடட்டும். பழைய மணிக்கூடொன்றை நண்பர்க்குக் காட்டும்போது, இதன் எண்களை மொலி மஜ்ஜியாவைப் போன்ற, கதறின் டொனகியூவைப் போன்ற ஒரு பெண் தன் உதட்டில் கூராக்கிய தூரிகையால் எழுதியிருக்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்லட்டும். சிப்பாயின் மணிக்கூட்டில் தம் பெயரைக் கீறிவைத்த அப்பெண்கள் எதிர்பார்த்த மறுமடல், ஒரு நூற்றாண்டு பிந்தியாவது அவர்களைச் சென்றடையட்டும்.